பாதிப் பாட்டுக்குள் கனகராசு

திருச்செங்கோட்டிலிருந்து சங்ககிரி போகிற வழியில் சின்னவேலம்புதூர் என்று ஓர் ஊர். அந்த ஊர் ஆம்பளைகளில் முக்கால்வாசிப் பேர் ரிக் என்று அவர்கள் சொல்கிற போர்வெல் லாரியோடு கிளம்பிப் போனவர்கள். சத்தீஸ்கர், ராஜஸ்தான், ஒடிசா என்று யார் யார் பூமியிலோ ஆயிரம் அடி துளை போட்டுத் தண்ணீர் தேடுவார்கள், தீபாவளிக்கு ஒரு தரமும் மாரியம்மன் பண்டிகைக்கு ஒரு தரமும் வந்து தலை காட்டுவார்கள், மிச்ச நாளெல்லாம் அவர்கள் பெண்டாட்டிமாருக்குப் புருஷன் என்பது உள்ளங்கை அகல வெளிச்சத்தில் தெரிகிற ஒரு முகம்தான். அப்படிப்பட்ட ஊரில், தை மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை பத்தேகால் மணிக்கு, இட்லி மாவு அரைத்து விற்கிற துளசிமணி மூன்று படி அரிசியைக் கிரைண்டரில் போட்டுவிட்டுச் செல்போனைக் கையில் எடுத்தாள். எடுத்து, விரலால் தள்ளி, தள்ளி, தள்ளிக்கொண்டே இருந்தவள், ஒரு தள்ளலில் தானும் உள்ளே போய்விட்டாள்.

உடம்பு போகவில்லை. உடம்பு முக்காலியில் கண் திறந்தபடி உட்கார்ந்திருந்தது. போனது உள்ளே இருக்கிற ஆள். அரிசி மசிந்து, மாவு பொங்கி விளிம்புக்கு வந்த நேரத்தில் அவள் திரும்பி வந்தாள். வந்தபோது தலைமுடியெல்லாம் பனி. நம்மூர் மார்கழிப் பனி இல்லை. பஞ்சு மாதிரி, கையில் எடுத்தால் தண்ணீராகிப் போகிற பனி.

மாவு வாங்க வந்து நின்ற பூங்கோதைதான் அதை முதலில் பார்த்தவள். பூங்கோதை அவளுக்கு ஓரகத்தி, கொழுந்தன் கனகராசின் பெண்டாட்டி.

"எங்கக்கா போனீங்க?"

"வெள்ளை வெளேர்னு ஒரு ஊருடி. நம்ம பழனாத்தாக்கா மகன் கனடாவுல இருக்கறான்ல, அவன் ஊடு. சோறு பொங்காம ரொட்டியத் தின்னுட்டுக் கெடக்கறான்."

தகவல் மூன்று வீடு தாண்டி எட்டியதும் பழனாத்தாள் ஈரக் கையோடு ஓடி வந்தாள். எப்படிப் போனாய், எந்த வழியாய்ப் போனாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "எளைச்சுட்டானா?" என்றுதான் கேட்டாள்.

அதற்கப்புறம் ஊர் அந்த விஷயத்தை எடுத்துக்கொண்ட விதம் இருக்கிறதே, அது யாரும் கற்றுக்கொடுத்து வருவதில்லை. பண்டிகைக்குப் பண்டிகை சாமி வந்து ஆடுகிறவர்களைப் பார்த்துப் பழகிய ஊர் அது. மாரியம்மன் கோயில் பூசாரி சின்னண்ணன் வந்து, துளசிமணியின் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்து, சாதாரணமாகச் சொன்னார்.

"சாமி வந்தா என்ன பண்றோம்? இடுப்புல துண்டைக் கட்டி ஒருத்தர் புடிச்சுக்கறோமா இல்லியா? போறதுக்கு வழி தானாத் தெரியும். திரும்பறதுக்குத்தான் ஆளு வேணும். இனிமே தனியாப் போகாத துளசி."

ஆகவே ஒரு முறை ஏற்பட்டது. துளசிமணி போகும்போது அவள் முந்தானையைப் பூங்கோதை தன் மணிக்கட்டில் சுற்றிக்கொள்வாள். நேரம் ஆனதும் எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் அடிப்பாள். எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் அந்தச் சத்தம் துளசிமணிக்குக் கேட்கும், கேட்ட திசையில் நடந்தால் வீடு வந்துவிடும். போகிறதற்கு முன்னால் உப்பில்லாத மோர் ஒரு டம்ளர், வந்ததும் ஒரு வாய் சோறு. இதையெல்லாம் யாரோ நூறு வருஷத்துக்கு முன்னாலேயே தீர்மானித்து வைத்த மாதிரி, ஒரு வாரத்துக்குள் வீதிக்கே பழக்கமாகிவிட்டது.

வந்து கேட்டவர்களுக்கும் குறைவில்லை. ராய்ப்பூர்ப் பக்கம் ரிக்கில் இருக்கிறவர் நேரத்துக்குத் தின்கிறாரா என்று பார்த்துவரச் சொன்னவர்கள், மகளுக்குப் பேசியிருக்கிற மாப்பிள்ளை படத்தில் சிரிக்கிற மாதிரியே உள்ளேயும் சிரிக்கிறானா என்று பார்த்துவரச் சொன்னவர்கள், வருமானச் சான்றிதழுக்குப் போட்ட மனு எந்த மேசையில் தூங்குகிறது என்று எழுப்பிவிட்டு வரச் சொன்னவர்கள் என்று வாசலில் செருப்பு நிறைந்தது. துளசிமணிக்கு வயது நாற்பத்தொன்று. சங்ககிரி மலைக்கு அந்தப் பக்கம் அவள் பார்த்தது பழனியும் மேல்மருவத்தூரும்தான். இப்போது ஒவ்வொரு நாளும் காலையில் கண் விழிக்கிறபோதே நெஞ்சு படபடவென்று அடித்தது. இன்றைக்கு எந்த வழி, இன்றைக்கு எந்த வாசல் என்று மாவு கரைக்கிற கை கூடத் துள்ளியது. கடல் வாசனையோடு திரும்பினாள். தெரியாத பாஷைக்காரிகளோடு சிரித்துப் பேசிவிட்டு, அந்தச் சிரிப்பு முகத்தில் காயும் முன்னே திரும்பினாள். ஒரு நாள் காலெல்லாம் செம்மண்ணோடு வந்து, "என்ற ஊட்டுக்காரரு ஓட்டற போர்ல நூத்தெம்பது அடிக்கே தண்ணி பீச்சியடிக்குது!" என்று கத்தினாள், ஒரு மணி நேரம் கழித்து அவள் புருஷன் நடேசன் அதையே சொல்வதற்கு அழைத்தபோது, வீதியே "தெரியுமுங்!" என்றது.

உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் சொல்வாள். நுழைந்ததும் ஒரு சந்தை. அங்கே கடைக்காரன் ஒவ்வொருவனும் உன் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவான், நேற்று ராத்திரி நீ மனசுக்குள் நினைத்த சேலையைக் கையில் விரித்து வைத்திருப்பான், நிற்கக் கூடாது. அப்புறம் ஒரு மேடு. அங்கே முகமே இல்லாத ஆட்கள் ஒருவரையொருவர் வைதுகொண்டிருப்பார்கள், காது கொடுக்கக் கூடாது. அதைத் தாண்டினால் செத்துப்போனவர்கள் தெரு. அவர்கள் முகநூல் பக்கங்களை யாரும் மூடாததால் வருஷா வருஷம் பிறந்தநாள் வாழ்த்து வந்துகொண்டே இருக்கிறது. பாவம், இரண்டு கையிலும் பூங்கொத்தை வாங்கி வாங்கி வைத்துக்கொண்டு, யாருக்குத் திருப்பிக் கொடுப்பது என்று தெரியாமல் நிற்கிறார்கள். அதற்கும் அப்பால் ஓர் ஆறு. கீழிருந்து மேலே ஓடுகிற ஆறு. அதன் கரையில் ஆயிரம் பதினாயிரம் பேர் காலைத் தண்ணீரில் விட்டபடி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு வாய் குடித்தால் இன்னொரு வாய் கேட்கும், இன்னொன்று குடித்தால் இன்னொன்று. அவர்கள் வீட்டில் விளக்கு வைத்தார்களா, பிள்ளை தூங்கிற்றா, அவர்களுக்குத் தெரியாது.

"நான் அந்த ஆத்துல காலே வெக்கறதில்ல," என்பாள் துளசிமணி.

கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை, அவள் கொழுந்தன் கனகராசு எழுந்திருக்கவில்லை.

கனகராசு ராஜஸ்தானில் ரிக்கில் இருந்தவன். துளை போடுகிற இரும்பு ராடு நழுவி இடது கையில் இரண்டு விரல் போயிற்று. ஊருக்குத் திரும்பி இரண்டு வருஷமாகிறது. வந்த புதிதில் எல்லாரும் கையைத்தான் பார்த்தார்கள். அப்புறம் கையையும் பார்க்கவில்லை, அவனையும் பார்க்கவில்லை. அவன் மொட்டை மாடி அறையில் உட்கார்ந்து, பாட்டுப் பாடுகிற செயலி ஒன்றில் பாடத் தொடங்கினான். திரையை இரண்டாகப் பிரித்து, வலது பாதியில் ஒருவர் நின்று தன் பங்கைப் பாடிவிட்டுப் போவார். எங்கேயோ இருக்கிற இன்னொருவர் இடது பாதியில் வந்து நின்று மிச்சத்தைப் பாடுவார். கனகராசின் குரலுக்கு ஆள் சேர்ந்தது. மதுரையிலிருந்து, மலேசியாவிலிருந்து, பெயர் தெரியாத பெண்கள் பக்கத்தில் வந்து நின்று பாடினார்கள். அதைப் பூங்கோதை ஒரு நாள் பார்த்தாள். பார்த்த நாளிலிருந்து தட்டில் சோற்றை வைத்துவிட்டுப் பேசாமல் படியிறங்கினாள். எட்டு மாதமாக இருவருக்கும் பேச்சு இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை அவன் பாயில் உட்கார்ந்திருந்தான். கண் திறந்திருந்தது. கட்டைவிரல் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. வாயில் சோறு வைத்தால் விழுங்கினான், கூப்பிட்டால் திரும்பவில்லை. டாக்டர் வந்து முழங்காலில் தட்டிப் பார்த்து, ரத்த அழுத்தம் பார்த்து, உடம்புக்கு ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தார். பூசாரி சின்னண்ணன் கயிறு கட்டவில்லை. "இவன் என்ற எல்லைக்குள்ள இல்ல. துளசி போற ஊருலதான் எங்கியோ கெடக்கறான்," என்றார்.

மூன்றாம் நாள் காலை, துளசிமணி மோரைக் குடித்துவிட்டு, கனகராசின் கையில் இருந்த அதே செல்போன் வழியாக உள்ளே போனாள். பூங்கோதை முந்தானையை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு தட்டை எடுத்து வைத்தாள்.

சந்தையில் அவள் நிற்கவில்லை. மேட்டில் காது கொடுக்கவில்லை. ஆற்றங்கரை முழுக்க ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு ஓடினாள். கனகராசு அங்கே இல்லை. கரை முடிகிற இடத்தில் பாட்டுச் சத்தம் கேட்டது. ஒரு வீதி, வீதி முழுக்க மேடை, மேடைதோறும் இரண்டு இரண்டு பேர். கடைசி மேடையில் ஒரு ஆள் மட்டும் உட்கார்ந்திருந்தான். கிட்டப் போனபோதுதான் தெரிந்தது, அது ஒரு ஆள் கூட இல்லை, அரை ஆள். வலது கண், வலது தோள், வலது கால். இடது பக்கம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சாம்பல் நிறம்.

"அண்ணி? நீங்க எப்படிங் இங்க?"

"சோறு ஆறுது. எந்திரி தம்பி, போலாம்."

"ஒத்தக் கால்ல எப்படிங் நடக்கறது? பாதிப் பாட்டுல மாட்டிக்கிட்டனுங். மத்த பாட்டெல்லாம் ஊருக்கே தெரிஞ்ச பாட்டு, அடுத்த பாதி ஆருக்கும் வரும். இது நானாக் கட்டுன பாட்டு. இதோட அடுத்த பாதி எனக்கே தெரியலீங்."

"ஆரும் கேக்கலியா?"

"இருவத்தி மூவாயிரம் பேரு கேட்டாங்க. கையத் தட்டிட்டுப் போயிட்டாங்க. பக்கத்துல வந்து நிக்கத்தான் ஒருத்தரும் இல்லீங்."

அந்த ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்துக்கொண்டே அவன் பாடினான்.

ஆயிரம் அடி ஓட்டிப் பார்த்தேன், புகைதான் வந்துச்சு
ஆறேழு ஊரு போயிப் பார்த்தேன், புழுதி வந்துச்சு
ஈரம் எங்க இருக்குதுன்னு எனக்குச் சொல்லுவார் ஆரு?

பாட்டு அங்கே நின்றது. நின்ற இடத்தில் ஒரு பள்ளம் இருந்தது. தூரத்தில் தட்டுச் சத்தம் கேட்டது, துளசிமணி திரும்ப வேண்டியதாயிற்று.

மொட்டை மாடி அறைக்குள் கண்ணைத் திறந்ததும் அவள் பூங்கோதையின் கையைப் பிடித்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். அறை முழுக்க ஆட்கள் நின்று கேட்டார்கள்.

"கூடப் பாடறதுக்கா ஆளில்ல?" என்றாள் பூங்கோதை. மூன்று நாளாக அழாதவள் முகம் அப்போதுதான் கோணியது. "மதுரக்காரியக் கூப்புடுங்க, மலேசியாக்காரியக் கூப்புடுங்க."

"அவங்கெல்லாம் வந்தாங்க, பாடுனாங்க, போயிட்டாங்கடி. இந்தப் பாட்டுல எடம் காலியா இருக்குது. ஒரு பொம்பளையும் நிக்கல."

"எனக்குப் பாட வராதுங்கக்கா."

"வராட்டிப் போகுது, நில்லு!"

அந்த நேரத்தில் பழனாத்தாள்தான் கத்தினாள். செல்போனில் ஆறு சதவீதம் காட்டியது. சார்ஜர் செருகித்தான் இருந்தது, கரண்ட் இல்லை. மாதாந்திரப் பராமரிப்பு, சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் வரும் என்று முந்தின நாளே சொல்லியிருந்தார்கள், இருந்த பதற்றத்தில் யார் காதிலும் ஏறவில்லை. உள்ளே ஆள் இருக்கும்போது செல்போன் அணைந்துபோனால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் யாரும் தயாராக இல்லை. வீதியில் இருந்த பவர் பேங்க் அத்தனையும் வந்தது, அத்தனையும் காலி. ஐந்து சதவீதம். வீதி முனையில் ரிப்பேருக்கு நின்ற ரிக் லாரியின் அடியிலிருந்து மெக்கானிக் மாதேசன் கிரீஸ் கையோடு தலையை நீட்டி, "லாரி பேட்டரியக் கழட்டறன், தூக்க ஆள் வாங்க!" என்று கூவினான். அவ்வளவுதான். கல்யாணத்துக்குப் போகிற மாதிரி பெண்கள் ஓடினார்கள். பழைய சேலையில் பேட்டரியைத் தொட்டில் போலக் கட்டி, நான்கு முனையையும் நான்கு பேர் பிடித்து, "பாத்து, பாத்து, படி!" என்று ஒருத்தி கத்த, ஒருத்தி செருப்பு அறுந்து போக, மூச்சிரைக்க மாடிக்கு ஏற்றினார்கள். மாதேசன் இரண்டு ஒயரைக் கடித்து முறுக்கி, லாரியில் இருந்த கார் சார்ஜரில் செருகியபோது திரையில் ஒன்று என்று இருந்தது. பிறகு அது இரண்டு ஆயிற்று. "ஏறுது! ஏறுது!" என்று அறையே அலறியது.

துளசிமணி இந்தத் தடவை மோருக்குக் காத்திருக்கவில்லை. "நீ பாடு. நான் அவனக் கூட்டியாறன். தட்ட மத்தவங்க அடிக்கட்டும்," என்று சொல்லிவிட்டு உள்ளே விழுந்தாள்.

பூங்கோதை செல்போன் முன்னால் நின்றாள். சேர்ந்து பாட என்று இருந்த பொத்தானை மாதேசன் அழுத்தினான். திரையின் வலது பக்கம் கனகராசு பாடினான். அவன் நிறுத்திய இடத்தில் அவளுக்கு வாய் வரவில்லை. இரண்டாம் தடவையும் வரவில்லை. மூன்றாம் தடவை அவளுக்குக் கோபம்தான் வந்தது, அந்தக் கோபம் வந்தபோது கூடவே வார்த்தையும் வந்தது, தகரத்தைத் தரையில் இழுக்கிற மாதிரி ஒரு குரலில்.

ஊட்டுக்குள்ள ஊத்திருக்க, ஊரூரா ஏன் ஓட்டுன நீ?
ஒத்தடிதான் மிச்சமிருக்க, ராட ஏன் தூக்குன நீ?
எட்டு மாசம் வாயடச்சேன், என்னையும் நீ கேக்கலியே!
கேட்டிருந்தா சொல்லமாட்டனா, கேணப்பயலே, வா கீழ!

கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் அவள் புருஷனை நீ என்று சொல்லி வீதி கேட்டதில்லை. பழனாத்தாள் வாயில் கை வைத்தாள். அடுத்த நொடி அந்தக் கையில் தட்டை எடுத்து அடிக்கத் தொடங்கினாள். இன்னொருத்தி அண்டாவை அடித்தாள். படியில் நின்றவர்கள் சொம்பை அடித்தார்கள், வீதியில் நின்றவர்கள் தகரக் கதவை அடித்தார்கள்.

உள்ளே, கடைசி மேடையில், கனகராசின் இடது பக்கத்துச் சாம்பல் நிறம் அசைவதைத் துளசிமணி பார்த்தாள். பூங்கோதைதான் வந்து நிற்கப் போகிறாள் என்று நினைத்தாள். வந்தது ஒரு கால். அது கனகராசின் கால். பிறகு இடுப்பு, தோள், இடது கண். கடைசியாகக் கை வந்தது, மூன்று விரலோடு. இத்தனை பாட்டுப் பாடியும் அவன் அந்தக் கையைத் திரையில் ஒரு தடவைகூடக் காட்டியதில்லை. இப்போது அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். துளசிமணி அந்தக் கையைத்தான் பிடித்தாள்.

"ஓடு தம்பி!"

ஓடினார்கள். சின்னவேலம்புதூரின் தட்டுச் சத்தம் இடி மாதிரி வந்துகொண்டிருந்தது. செத்தவர்கள் தெருவில் பூங்கொத்தெல்லாம் குலுங்கியது, முகமில்லாதவர்கள் வைவதை நிறுத்தினார்கள். அவற்றுக்கு முன்னால், ஆற்றங்கரையைத் தாண்டும்போதே துளசிமணி அதைக் கண்டாள்: கரையில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒரு பெண், பேர் தெரியாத யாரோ ஒரு பெண், தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கிச் சத்தம் வந்த பக்கம் திரும்பினாள். அவளுக்கு அடுத்திருந்த ஆள் திரும்பினான். அவனுக்கு அடுத்தவன்.

மாடி அறைப் பாயில் கனகராசு கண்ணைச் சிமிட்டினான். கட்டைவிரல் நின்றது. எதிரில் வியர்த்து வழிய நின்ற பெண்டாட்டியை ஏற இறங்கப் பார்த்தான்.

"ரெண்டாவது அடியில சுதி போயிருச்சு," என்றான்.

பூங்கோதை பக்கத்தில் கிடந்த கரண்டியை எடுத்து ஓங்கினாள், ஓங்கிய கரண்டியைக் கீழே போட்டாள், அவன் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு வைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள், அழுதவளே சிரித்தாள். எல்லாரும் தட்டைக் கீழே வைத்தார்கள்.

"நிறுத்தாதீங்க!" என்று துளசிமணி உட்கார்ந்த இடத்திலிருந்து துள்ளி எழுந்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியது, கண்ணெல்லாம் பளபளவென்று இருந்தது. "அடிங்க! நிறுத்தாம அடிங்க! அந்தக் கரையில ஆளு இருக்குது, அவங்களுக்கும் கேக்குது! திரும்பறாங்க, நான் பாத்தன்!"

யாரும் விளக்கம் கேட்கவில்லை. அடித்தார்கள். செல்போனைக் கட்டில் மேல் நிறுத்திவைத்து, பேட்டரி பக்கத்தில் மாதேசன் காவல் இருக்க, வீதியே மாறி மாறி அடித்தது. கை ஓய்ந்தவர்கள் உட்கார, பூசாரி சின்னண்ணன் கோயில் உடுக்கையோடு மாடி ஏறினார். கனகராசு மூன்று விரலால் அண்டாவில் தாளம் பிடித்தான், பூங்கோதை அந்தத் தாளத்துக்குச் சுதியில்லாமல் பாடிக்கொண்டே இருந்தாள். கரண்ட் வந்தது, யாரும் கவனிக்கவில்லை.

பாட்டுக்குக் கீழே முதல் செய்தி வந்தபோது துளசிமணிதான் பார்த்தாள். ஷார்ஜாவிலிருந்து யாரோ ஒருவர். "சத்தம் கேட்டு எழுந்து வந்துட்டேன். யாரோ என்னைச் சாப்பிடக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. இது எந்த ஊர்?"

நெளிந்துபோன தட்டை மடியில் வைத்துக்கொண்டு அவள் ஒவ்வொரு எழுத்தாக ஊர்ப்பேரை அடித்து அனுப்பினாள். அனுப்பி முடிக்கும் முன்பே திண்டுக்கல்லிலிருந்து ஒன்று வந்தது, அதற்கடியில் புனேயிலிருந்து ஒன்று, அதற்கும் அடியில் இன்னொன்று. எல்லாம் அதையேதான் கேட்டன.